மூன்றாம் தொட்டி

ஜூன் 5, திங்கள்

என் பெயர் உத்திராபதி. வயது ஐம்பத்தொன்பது. இதை எழுதுவது என் வலது கை.

ஜூன் 6

நேற்று எழுதியதை இன்று என்னாலேயே படிக்க முடியவில்லை. கோழி கிளறிய மண் மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுக்கும் மலாய்ப் பெண் தினமும் அரைப் பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறாள். என்ன எழுத என்று கேட்டேன். எதையாவது எழுதுங்கள், விரல் வேலை செய்தால் போதும், நான் படிக்கப்போவதில்லை என்றாள்.

ஜூன் 8

முப்பத்து மூன்று வருடம் லோரி ஓட்டினேன். தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி. மார்ச் 21ஆம் தேதி ஓட்டிக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்தது. லோரி சரிவில் சாய்ந்தது. வலது கை, வலது கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து தங்கச்சி பவளம் என்னைத் தன் வீட்டுக்கு, உலு செராய்க்கு, கூட்டி வந்துவிட்டாள். என் மனைவி போய் ஆறு வருடம். மகள் சிங்கப்பூரில். பவளத்தின் புருஷனும் இல்லை. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறாள். அங்கே இருநூறு பிள்ளைகளை அதட்டிவிட்டு வந்து மிச்சக் குரலில் என்னை அதட்டுகிறாள்.

இவ்வளவுதான். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 11, ஞாயிறு

இன்று பவளம் என்னை மோட்டாரின் பின்னால் உட்காரவைத்து, விழாமலிருக்க என்னையும் தன்னையும் சேர்த்து ஒரு துவாலையால் கட்டிக்கொண்டு சுடுதண்ணி ஊற்றுக்குப் போனாள். வழியில் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் வாய் ஒரு பக்கம்தான் போகிறது.

ஊற்று செம்பனைக் காட்டுக்குப் பின்னால் இருக்கிறது. நடந்தால் கால் மணி நேரம். யாரோ எப்போதோ நல்ல செலவில் கட்டியிருக்கிறார்கள். மூன்று சிமெண்டுத் தொட்டிகள், துணி மாற்றும் அறைகள், பெரிய பலகை. இப்போது பலகையில் பாதி எழுத்து இல்லை. அறைகளுக்குக் கதவு இல்லை, உள்ளே குளவிக் கூடு. கூரைத் தகடு பக்கத்துப் பள்ளத்தில் கிடக்கிறது. லாலாங் புல் என் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது.

ஆனால் தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. பாறை வெடிப்பிலிருந்து குமிழ் விட்டுக்கொண்டு, ஆவியோடு, அழுகின முட்டை வாடையோடு. முதல் தொட்டியில் விரல் வைக்க முடியாது. அங்கிருந்து குழாய் வழியாக இரண்டாம் தொட்டிக்கு வரும்போது கொஞ்சம் ஆறுகிறது. மூன்றாம் தொட்டிக்கு வரும்போது உடம்பு தாங்கும் சூடு. ஆனால் மூன்றாம் தொட்டியில் இறங்க முடியாது. இலை, பாசி, பிளாஸ்டிக் போத்தல். மேலே பச்சையாக ஒரு தோல் மூடியிருந்தது.

அங்கே ஒரு சீனர் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் மொண்டு, அதில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெயர் ஆ செங். சைக்கிள் கடை வைத்திருந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் நன்றாகத் தமிழ் பேசுகிறார், ஆனால் எல்லாரையும் நீ, வா, போதான்.

"ஸ்ட்ரோக்கா?" என்றார்.

"ஆமா."

"எனக்கு முட்டி. வாளி இன்னொண்ணு இருக்கு. கால் வை."

வைத்தேன். முதலில் இடது காலுக்கு மட்டும் சூடு தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து வலது காலுக்கும் தெரிந்தது. பவளத்திடம் சொல்லவில்லை. சொன்னால் தினமும் கட்டி இழுத்து வருவாள்.

ஜூன் 13

பவளத்திடம் சொல்லிவிட்டேன்.

டாக்டரையும் கேட்டாகிவிட்டது. இளஞ்சூடாக இருந்தால் பதினைந்து நிமிடம் இறங்கலாம், தனியாகப் போகக் கூடாது, பிரஷர் மாத்திரையை விடக் கூடாது என்றார். அந்தத் தண்ணீர் மருந்து இல்லை, பயிற்சிதான் மருந்து என்றும் இரண்டு முறை சொன்னார். ஆ செங்கிடம் இதைச் சொன்னேன். "டாக்டருக்கு முட்டி வலிக்கல," என்றார்.

ஜூன் 17

மூன்றாம் தொட்டியைச் சுத்தம் செய்வது என்று முடிவு. யார் முதலில் சொன்னது என்று ஞாபகம் இல்லை. வாளியில் கால் வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் தோன்றும்.

கழிவு வழி அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆ செங் ஒரு நீளக் கம்பியை விட்டுக் குத்துகிறார். நான் நாலு கால் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையால் வலையை விட்டு இலை வாருகிறேன். வலது கை சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று வலைக் கம்பின் நுனியை அதனிடம் கொடுத்தேன். பிடித்தது. மூன்று நிமிடம் பிடித்தது. நேரம் பார்த்தேன்.

ஜூன் 19

சாப்பிடும்போது பவளம், "போன் பண்ணுனியாண்ணே?" என்று கேட்டாள். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கத்தரிக்காய் நன்றாக வெந்திருந்தது.

ஜூன் 22

முதலாளியின் ஒப்பீசிலிருந்து அச்சடித்த பாரம் ஒன்று வந்திருக்கிறது. திரும்ப லோரி ஓட்டுவதென்றால் இதை நிரப்பி டாக்டரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். எனக்கு லோரி வேண்டும். ஐம்பத்தொன்பது வயதில் நான் வேறு என்ன ஆக முடியும்?

நாலாவது கேள்வி: சம்பவத்துக்கு முன்பு அன்றைய தினம் ஏதேனும் அறிகுறி தெரிந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

'இல்லை'யில் கோடு போட்டேன். இடது கையால் போட்டேன்.

ஜூன் 27

அடைப்பு எடுபட்டது! ஒரு ஆலமர வேர், என் தொடை கனத்துக்கு. ஆ செங் பாராங் கத்தியால் வெட்ட, நான் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். என் எடைக்கு ஒரு வழியாக ஒரு உபயோகம் கிடைத்தது. வேர் பிடுங்கிக்கொண்டு வந்தபோது இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டோம். தொட்டி பெரிய சத்தத்தோடு தண்ணீரைக் குடித்தது.

அடியில் கிடந்தவை: ஜோடி சேராத பதினோரு செருப்புகள், ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு அலுமினியக் கரண்டி, மேல்வரிசைப் பல்செட் ஒன்று. பல்செட்டைக் கழுவி ஆ செங் சுவர்மேல் வைத்திருக்கிறார். சொந்தக்காரர் வந்து எடுத்துக்கொள்ளலாமாம். அதோடு, தொட்டிச் சுவரை ஒட்டிச் சுற்றிலும் உட்காரத் திண்டு கட்டியிருப்பது இன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் சேற்றுக்குள் மூழ்கிக் கிடந்திருக்கிறது.

தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருக்கிறோம். ராத்திரிக்குள் நிரம்பிவிடும்.

ஜூன் 28

கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தேன். பாறைப் பக்கமிருந்து பொடிக் குமிழ்கள் வந்து கையில் முடிக்கு முடி ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீருக்குள் என் வலது கை கனக்கவில்லை. தானாக மிதந்து மேலே வந்தது. விரல்கள் விரிந்திருந்தன. நான் விரிக்கச் சொல்லவில்லை.

இன்று நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 1, சனி

செய்தி எப்படித்தான் பரவுகிறதோ. இன்று ஒன்பது பேர். ஓய்வு பெற்ற போஸ்ட்மேன், இரண்டு மலாய் வாத்தியார்கள், முதுகு பிடித்துக்கொண்ட ஒரு தோட்டத்து ஒப்பீஸ் கிராணி. இதுவரை இந்தப் பக்கமே எட்டிப்பார்க்காத ஆட்கள் இப்போது, "அந்த மூலை இன்னும் வழுக்குது, தேய்க்கலையா?" என்று என்னையே கேட்கிறார்கள். ஆ செங் முட்டைகளை வலைப்பையில் போட்டு முதல் தொட்டியில் தொங்கவிட்டார். அரை மணி நேரத்தில் வெள்ளைக் கரு தயிர் மாதிரி, மஞ்சள் கரு கெட்டியாக. சோயா சாஸ் விட்டு எல்லாருக்கும் ஒன்று.

ஜூலை 4

பவளத்தோடு சண்டை.

வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "ராயன் வீட்டுக்குப் போன் பண்ணேன். இடுப்புல இரும்பு வச்சிருக்காங்களாம். இப்பதான் கோல் ஊனி நடக்கிறாராம். சுடுதண்ணி ஊத்த பத்திச் சொல்லியிருக்கேன்."

"ஒன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ சொல்லியிருக்கணும். சொல்லல. அதனால நான் சொன்னேன்."

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மீஹூன் சேமியாப் பிரட்டல் என் அறை வாசலில் மூடி வைத்திருந்தது. ஆறிப்போயும் நன்றாகத்தான் இருந்தது.

ராயன் யார் என்று எழுதவில்லை அல்லவா. சுப்பராயன். என் லோரியில் பதினான்கு வருடம் கூட வந்த கெலிண்டான். குலை ஏற்றுவது, கயிறு கட்டுவது, பின்னால் பார்த்துச் சொல்வது எல்லாம் அவன்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். லோரி சாய்ந்தபோது இடது பக்கக் கதவுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது அவன்.

ஜூலை 6

மழை. ஊற்றுக்குப் போகவில்லை.

ஜூலை 7

மழை. போகவில்லை.

ஜூலை 8

ஆ செங் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏன் வரல? ஒடம்பு சரியில்லயா?" என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த பவளம், "மழைன்னு வரலயாம்," என்றாள். அவர் வானத்தைப் பார்த்தார். மடித்த துணியைப் பார்த்தார். கோப்பி குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு நாளும் நல்ல வெயில்.

ஜூலை 9, ஞாயிறு

பவளமே கொண்டுபோய் இறக்கிவிட்டாள். இறக்கியவள் நிற்காமல் திரும்பிப் போனாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தொட்டியின் மேல்படியில் ராயன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஊன்றுகோல். திரும்பிப் போயிருப்பேன். ஆனால் என் கால் வேகத்துக்குத் திரும்புவதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

"வாங்கண்ணே. பசியாறியாச்சா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. மெலிஞ்சிட்டீங்க."

"நீயுந்தான்."

"நான் எங்க மெலிஞ்சேன். படுத்தே கெடந்து வயிறு போட்டுருச்சு."

பதினான்கு வருடம் தினமும் பத்து மணி நேரம் ஒரே கேபினில் இருந்தவர்கள். அதற்குமேல் இரண்டு பேரும் அவரவர் ஊன்றுகோலைத் தடவிக்கொண்டிருந்தோம். ஆ செங் முட்டைப் பையை எடுத்துக்கொண்டு முதல் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

"ஏன் மேலயே ஒக்காந்திருக்க?"

"எறங்க முடியலண்ணே. படி வழுக்குது. கால மடக்குனா இடுப்பு கவ்வுது."

அவனுக்கு இடது பக்கம் ஆகாது. எனக்கு வலது பக்கம் ஆகாது. லோரியில் உட்காருவது போலவே என் இடப்பக்கம் வந்து நின்றான். என் இடது கையும் அவன் வலது கையும் கோத்துக்கொண்டன. ஒவ்வொரு படியாக இறங்கினோம். நாலு படிக்கு எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மாடி," என்றான்.

இடுப்பிலிருந்து தொடை வரை தழும்பு. தையல் போட்ட இடங்கள் இன்னும் சிவப்பாக இருக்கின்றன. நான் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13

ராயன் தினமும் வருகிறான். அவன் இருப்பது பத்து லீமா என்கிற ஊரில், இங்கிருந்து இருபது கிலோமீட்டர். மச்சான் வேலைக்குப் போகிற வழியில் இறக்கிவிட்டு, மதியம் வந்து ஏற்றிக்கொள்கிறான். எங்கள் பேச்சு இப்போது பரவாயில்லை. கால்பந்து, மீன் விலை, எந்தத் தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டல் மாறினார். மார்ச் மாதம் மட்டும் பேச்சில் வருவதில்லை.

படியில் கைப்பிடி வைக்கவேண்டும் என்று அவன்தான் சொன்னான். உடைந்த கூரையிலிருந்து இரும்புக் குழாய் இரண்டு கழற்றியிருக்கிறோம்.

ஜூலை 15

கைப்பிடி நின்றுவிட்டது. கொஞ்சம் கோணல். சிமெண்டு குழைத்தது நான், குழாயைப் பிடித்தது ராயன், கோணல் என்று சொன்னது ஆ செங்.

கவுன்சிலிலிருந்து இரண்டு ஆட்கள் வந்து பார்த்தார்கள். யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார்கள். "யார்கிட்ட கேக்கணும்?" என்றார் ஆ செங். அவர்களுக்கும் தெரியவில்லை. அதில் வயதானவர் செருப்பைக் கழற்றிக் காலை நனைத்தார். அரை மணி நேரம் நனைத்தார். புல் வெட்ட ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜூலை 17

தூக்கம் சரியில்லை. எழுதிவிடுகிறேன்.

லோரி சாய்ந்த அன்று காலை வீட்டிலேயே கோப்பிக் கோப்பை என் கையைவிட்டு நழுவியது. குனிந்து எடுக்கப் போனேன், விரல் மூடவில்லை. கையை நாலு முறை உதறினேன், சரியானது. தோட்டத்தில் குலை ஏற்றியதும் எடைச் சீட்டில் கையெழுத்துப் போட முடியாமல் கோடு இழுத்தேன். ராயன் என் முகத்தைப் பார்த்தான். "அண்ணே, வாய் ஒரு பக்கமா போவுது. கிளினிக் போலாம். இல்லாட்டி நான் ஓட்டறேன்," என்றான். அவனிடம் லோரி லைசன் இருக்கிறது. பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அவனை ஓட்ட விட்டதில்லை.

"வாய மூடிட்டு ஏறு," என்றேன்.

ஏறினான்.

ஜூலை 18

சொல்லிவிட்டேன். தண்ணீரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

"ராயா, அன்னிக்குக் காலையில..."

"தண்ணி இன்னிக்குக் கொஞ்சம் சூடு ஜாஸ்தி, இல்லண்ணே?"

"பேச்ச மாத்தாத. நீ கிளினிக் போலாம்னு சொன்னதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். வீட்டுலயே கப்பு கையவிட்டு நழுவுச்சு. வெரல் மூடல. தெரிஞ்சுதான் ஓட்டுனேன்."

கையால் தண்ணீரை இப்படியும் அப்படியுமாகத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"கப்பு விசயம் எனக்குத் தெரியாது," என்றான்.

"யாருக்கும் தெரியாது."

"போலீஸ்ல கேட்டாங்க. திடீர்னு வந்துருச்சு, அவருக்கே தெரியாதுன்னு சொன்னேன். வாய் கோணுனது ஒங்களுக்குத் தெரியலன்னு நம்பித்தான் சொன்னேன்."

"ம்."

"எனக்குக் கோவம் இல்லன்னு நெனைக்காதீங்கண்ணே. மூணு மாசம் ஒங்கள திட்டாத நாள் இல்ல. இடுப்புக்கு இல்ல. இடுப்பு ஒடைஞ்சா ஒடைஞ்சிட்டுப் போவுது. ஒரே ஆஸ்பத்திரி. நீங்க மூணாவது மாடி, நான் அஞ்சாவது மாடி. லிப்ட் இருக்கு, தள்ளுவண்டி இருக்கு. ஒரு நாள் வரல. அப்பறம் போன்கூட இல்ல. செத்துட்டீங்களோன்னு தேவகிய விட்டு விசாரிச்சேன்."

தேவகி அவன் மனைவி.

அவன் கைப்பிடியைப் பிடித்துத் தனியாகவே படியேறினான். நான் பிடிக்கப் போனேன். "வேணாம்," என்றான். மச்சான் வருகிற நேரம் இல்லை. ஆனாலும் ரோட்டு ஓரம் போய் வெயிலில் நின்றான்.

ஜூலை 19

ராயன் வரவில்லை.

ஜூலை 20

வரவில்லை. ஆ செங் இரண்டு முட்டை மிச்சம் என்றார். வெளிக்கதவுச் சத்தம் கேட்டால் நான் எட்டிப்பார்ப்பதாகப் பவளம் சொல்கிறாள். பொய்.

ஜூலை 21

புது பாரம் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். நாலாவது கேள்விக்கு 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டேன். கீழே இடம் விட்டிருந்தார்கள். கோப்பை, கையெழுத்து, ராயன் சொன்னது, நான் சொன்னது எல்லாம் எழுதினேன். டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரிய லோரிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன், ஆனால் எழுதியது நல்லது என்றார்.

லோரி இல்லை என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஜூலை 22, சனி

தனியாக பஸ் ஏறினேன். ஸ்ட்ரோக் வந்த பிறகு முதல் தடவை. பவளம் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். பஸ் படி உயரம். ஒரு காலை வைத்துவிட்டு மற்றதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். டிரைவர் இறங்கி வந்து கையைப் பிடித்தார். "நானும் டிரைவர்தான்," என்றேன். சொன்ன பிறகுதான், இருந்தேன் என்று சொல்லியிருக்கவேண்டும் என்று தோன்றியது.

பத்து லீமாவில் ராயன் வீட்டு இரும்புக் கதவில் தேவகி நின்றாள். என்னைத் தெரியும். கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன். வாங்க என்று சொல்லவில்லை.

"அவரு பாசாருக்குப் போயிருக்காரு."

"இருந்து பாத்துட்டுப் போறேன்மா."

உள்ளே போனாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கார் நிறுத்துமிடத்தில் போட்டாள். திரும்ப உள்ளே போய்விட்டாள். தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுக்காதது நியாயம் என்று பட்டது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே உரலில் ஏதோ இடிக்கிற சத்தம், தேவைக்கு அதிகமாகவே கேட்டது.

ராயன் வந்தான். கையில் மீன் பை.

"எப்படி வந்தீங்க?"

"பஸ்ல."

"தனியாவா? படி ஒசரமாச்சே."

"ஏறிட்டேன்."

பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே சுவரில் சாய்ந்து நின்றான். பாரத்தில் எழுதியதைச் சொன்னேன்.

"அப்ப லோரி?"

"இனிமே இல்ல."

"முப்பத்து மூணு வருசம்ணே."

"நேத்து வரைக்கும் அதுதான் பெருசுன்னு நெனச்சேன். ராயா, நான் மேல ஏறி வந்திருக்கணும். அஞ்சாவது மாடிக்கு. ஒரு நாள் லிப்ட் வரைக்கும் வந்தேன். பட்டன அமுக்கல. ஒன் மொகத்த எப்படிப் பாக்குறதுன்னு திரும்பிட்டேன்."

"லிப்ட் வரைக்கும் வந்தீங்களா?"

"ஒரு நாள்."

மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டி ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வந்திருக்கணும்ணே."

"ஆமா."

"சரி. திங்கட்கெழம வர்றேன்," என்றான். "அந்தக் கைப்பிடி ஆடுது. சிமெண்டு போதல."

ஜூலை 24

வந்தான். கைப்பிடிக்கு இன்னும் ஒரு வாளி சிமெண்டு.

ஜூலை 29

கவுன்சில் ஆட்கள் வந்து புல் வெட்டினார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற பாதியை மட்டும். மீதியை நாங்கள் வெட்டுகிறோம். ராயன் உட்கார்ந்துகொண்டே வெட்டுகிறான். ஆலை எடை மேடையில் அவனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கப்போகிறது. இனி லோரி ஏற தேவகி விடமாட்டாளாம். எனக்கும் அதுதான் நல்லதென்று படுகிறது, சொல்லவில்லை.

பல்செட் இன்னும் சுவர்மேல்தான் இருக்கிறது.

பயிற்சிப் பெண் என் வலது கையின் பிடி பலத்தை ஒரு கருவியில் அளந்தாள். ஜூன் மாதத்தைவிட இரண்டு மடங்கு. என்ன செய்தீர்கள் என்றாள். சேறு வாரினேன் என்றேன்.

ஆகஸ்ட் 2

பவளம் தலைமையில் கேண்டீன் பெண்கள் வந்து நியாயம் கேட்டார்கள். ஆண்களே நாள் பூராவும் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தால் இடுப்பு வலி எங்களுக்கு இல்லையா? ஆ செங், "இருக்கு, இருக்கு," என்று இறங்கிவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் பெண்களுக்கு. தொட்டியைச் சுற்றிக் கட்ட நாங்கள் படுதா கொண்டுவரவேண்டும். என் பழைய லோரிப் படுதா ஒன்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பெண்களின் முதல் காலை. பதினேழு பேர். நாங்கள் மூன்று ஆண்களும் துரத்தப்பட்டு, முதல் தொட்டிக்கு அந்தப்பக்கம் மரத்தடியில் முட்டை அவிக்கும் வேலையில் இருந்தோம். படுதாவுக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. அதில் பவளத்தின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. இவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டு வருடங்களாகிவிட்டன.

தேவகியும் வந்திருந்தாள். குளித்துவிட்டு, ஈரத் தலையில் துவாலையைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். ராயனும் ஆ செங்கும் கொஞ்சம் தள்ளி முட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "லோரி சாஞ்சதுலேர்ந்து தீயணைப்பு வண்டி வர்ற வரைக்கும் நாப்பது நிமிசம்னு போலீஸ் சொன்னாங்க. அந்த நாப்பது நிமிசம் அவரு எப்படி இருந்தாரு? நான் கேட்டா, சும்மா படுத்திருந்தேங்கிறாரு. நீங்க மட்டுந்தான் பக்கத்துல இருந்தீங்க."

இதை நான் இந்த நோட்டில்கூட எழுதவில்லை. அவளிடம் சொன்னேன்.

"சும்மா படுத்திருக்கலம்மா. பேசிக்கிட்டே இருந்தான். எனக்குக் கண்ணு சொருகிருச்சு, தூங்கிறலாம்னு இருந்துச்சு. தூங்குனா நான் போயிருவேன்னு அவனுக்குப் பயம். கதவு அவன் இடுப்புல ஏறிக்கெடக்கு. அதோட, 'அண்ணே, நம்ம ரூட்டுல மொதல்ல என்ன தோட்டம்?'னு கேட்டான். சொன்னேன். 'அதுக்கு அடுத்து?' சொன்னேன். வாய் கோணிக்கிட்டு எனக்கே நான் சொல்றது புரியல. அவன் விடல. ஆலை வரைக்கும் கொண்டுபோயி, 'இப்ப திரும்பி வாங்கண்ணே, கடைசித் தோட்டத்துலேர்ந்து சொல்லுங்க'ன்னான். எத்தன தடவ போய்ட்டு வந்தோம்னு தெரியல. நடு நடுவுல மூச்ச இழுத்துப் புடிப்பான். அப்பறம் மறுபடியும், 'அடுத்து என்னண்ணே?'"

அவள் துவாலை நுனியால் முகத்தைத் துடைத்தாள். தலையிலிருந்து வழிந்த தண்ணீராகவும் இருக்கலாம். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் முட்டை ஓட்டை ஊதிக்கொண்டிருந்தான்.

"மண்டு," என்றாள். "எங்கிட்ட இத சொல்றதுக்கு என்ன?"

படுதாப் பக்கம் நாலடி நடந்தவள், திரும்பினாள்.

"அண்ணே, நாசி லெமாக் சோறு கட்டிக்கிட்டு வந்திருக்கேன். முட்டையோட நிறுத்திக்காதீங்க. வாங்க."

சம்பால் நல்ல காரம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன்.